சாவி மாட்டிய நேரம்

அரியமுத்துவை வேப்பந்தட்டையில் டிரைவர் என்று யாரும் சொல்வதில்லை; கம்பெனிக்காரர் என்பார்கள். அப்படிச் சொல்ல வைத்தது அவர் மனைவி பஞ்சவர்ணம். ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது, “எங்க வூட்டுக்காரருக்கு இன்னிக்கு ரெஸ்ட்டு. கம்பெனியே தூங்கச் சொல்லியிருக்கு” என்று நாலு பேர் காதில் விழுகிற மாதிரி சொல்வாள். தூங்கக்கூட உத்தரவு போடுவார்களா என்று கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவாள்.

அவளுடைய பெருமைக்குக் காரணம் இருந்தது. பார்சல் கம்பெனிக்கு வருமுன் அவர் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓட்டிக்கொண்டிருந்தார். வாலிபம் முழுக்க அதிலேயே போயிற்று. சுரங்கத்தில் ஒரு வரிசை, ஆலை வாசலில் ஒரு வரிசை, இரண்டுக்கும் நடுவே பறக்க வேண்டும். இன்றைக்கு எத்தனை நடை என்பதைத் தவிர முதலாளி வேறெதுவும் கேட்டதில்லை. தூக்கம் வந்தால் வரிசையில் நிற்கும்போது ஸ்டியரிங் மேல் கன்னத்தை வைத்துக்கொள்வார். முன்வண்டி நகர்ந்ததும் பின்னால் நிற்பவன் ஹாரன் அடித்து எழுப்பிவிடுவான்.

தங்கை வெற்றிச்செல்வியின் கல்யாணத்தன்றும் அப்படி ஒரு வரிசையில்தான் மாட்டிக்கொண்டார். அப்பா அம்மா அப்போதே இல்லை. பெண்ணுக்கு அண்ணன் நின்று செய்ய வேண்டிய சடங்குகளை யாரோ ஒன்றுவிட்ட சித்தப்பா செய்தார். தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கும்போது, தலையெல்லாம் வெள்ளைப் புழுதியோடு அரியமுத்து மண்டபத்துக்குள் நுழைந்தார். உடையார்பாளையத்துச் சம்பந்தி அங்கமுத்து இலையைப் பார்த்தபடியே, “வாங்க, சாப்பாடு இருக்கு” என்றார். அவ்வளவுதான். ஆனால் அந்தப் பேச்சு அந்த வீட்டில் தங்கிவிட்டது. நல்லது கெட்டது எது வந்தாலும், “உங்க அண்ணன் சடங்குக்கு வருவாரா, சாப்பாட்டுக்கு வருவாரா?” என்று வெற்றிச்செல்வியைக் கேட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே பாத்திரம் துலக்கப் போய்விடுவாள்.

கல்யாணமாகி வெகுகாலம் கழித்து அவளுக்கு ஒரு பெண் பிறந்தது. முத்தமிழ் என்று பெயர் வைத்தார்கள். குழந்தை ஓடியாடிப் பேச ஆரம்பித்த பிறகு மொட்டை போட்டுக் காது குத்தும் பேச்சு வந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமன் வரவில்லையென்றால், பெண்ணுக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஊரே பார்த்துத் தெரிந்துகொள்ளும்.

வெற்றிச்செல்வி போன் செய்தாள்.

“அண்ணே, நாளு அவங்க பாக்கறதா இருந்துச்சு. நான்தான் வேணாம்னுட்டேன். உனக்கு எது தோதோ சொல்லு. அன்னிக்கே முகூர்த்தம் இருக்கற மாதிரி ஜோசியர்கிட்ட சொல்லிக்கலாம்.”

“ஜோசியரு ஒத்துக்குவாரா பாப்பா?”

“அவரு ஒத்துக்குவாரு. உங்க கம்பெனி ஒத்துக்கணும்.”

“அதெல்லாம் டிப்பர் காலத்துக் கதை. இங்க எல்லாத்துக்கும் ரூல்ஸ் இருக்கு. நீ பாரு.”

ரூல்ஸ் என்று அவர் சொன்னபோது குரலில் ஒரு மிதப்பு இருந்தது. உண்மையில் அந்த விதிகள் அவருக்குப் பிடித்திருந்தன. பெரம்பலூர் நான்கு ரோட்டுக்கு வடக்கே, ரஞ்சன்குடி போகிற பக்கத்தில் கம்பெனியின் யார்டு. நாலு பக்கமும் மதில், ஒரே கேட். வண்டி உள்ளே வந்ததும் சொன்ன இடத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை போட்டு, சாவியைக் கொண்டுபோய் கவுண்டரில் கொடுக்க வேண்டும். அங்கே சுவரில் வண்டி எண் போட்ட கொக்கிகள் உண்டு. சாவி கொக்கியில் ஏறினால்தான் டோக்கன். டோக்கன் வரிசைப்படி, யார்டுக்கென்று இருக்கிற டிரைவர் வண்டியை எடுத்துப்போய் சரக்கு இறக்கும் மேடையில் விட்டுச் சாவியைத் திரும்பக் கொக்கியில் மாட்டுவார். சாவி கொக்கியில் தொங்குகிற வரையில், சரக்கு இறக்க வண்டிக்குள் ஆள் நின்றாலும் அது நகராது என்பது அதிலிருந்த பாதுகாப்பு. பின்கதவில் வைத்த சீல் முத்திரையை, வண்டி கொண்டுவந்தவர் முன்னால்தான் வெட்டுவார்கள். அதனால் சரக்கு இறங்கும்வரை அவர் கேட்டைத் தாண்டக் கூடாது.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்த விதி ஓய்வு விதிதான். ராத்திரி முழுக்க ஓட்டி வந்தவருக்கு ஆறு மணி நேரம் ஓய்வு கொடுக்காமல் அடுத்த வண்டி கொடுக்க முடியாது. செல்போன் ஆப்பில் அவர் பெயர் சிவப்பாகக் கிடக்கும். ஓய்வு முடிந்ததும் பச்சையாகும். பச்சையான பிறகு வண்டி தயாராக இருந்தால் எடுத்தே ஆக வேண்டும். மாட்டேன் என்றால் பெயர் கறுப்பாகும். கறுப்பான ஒருவரை அவருக்குத் தெரியும். இப்போது அரும்பாவூரில் சின்ன வேனில் மரம் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

வழக்கமாகச் சரக்கு சீக்கிரமே இறங்கிவிடும். அரியமுத்து பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கி எழுவார். ஓய்வு எந்த நிமிஷத்திலிருந்து கணக்காகிறது என்று அவர் கேட்டதில்லை. யாருமே கேட்டதில்லை. டிரைவர்களுக்குள் இருந்த போட்டியெல்லாம் சாவியை முதலில் மாட்டுவதில்தான். முகம் கழுவாமல், டீக்குப் போகாமல் கவுண்டருக்கு ஓடுகிறவனுக்கு டோக்கன் முந்திவரும். அதில் அரியமுத்துவை ஜெயிக்க ஆளில்லை. அவருக்கு நேர் எதிர் ஜெயசீலன். வண்டியை நிறுத்தியதும் கேபின் விசிறியைப் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவான். விசிறி சுற்ற வேண்டுமென்பதால் சாவியைக் கழற்றவே மாட்டான்.

காதுகுத்து நாளைக்கு லீவு கேட்டபோது, கவுண்டரில் இருக்கும் ஹேமலதா கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னாள்: “லீவு எதுக்குண்ணா வீணாக்கறீங்க? அன்னிக்கு விடியக்காலம் ஓசூர்லேருந்து வர்றீங்க. உங்களுக்கு ரெஸ்ட்டுதானே வருது? போயிட்டு வாங்க.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அவரும் கணக்குப் போட்டுப் பார்த்தார். பச்சையானாலும் அடுத்த வண்டி பெரும்பாலும் சாயங்காலம்தான் தயாராகும். விடிகிற நேரத்துக்குச் சரக்கு இறங்கிவிட்டால், குளித்து வேட்டி கட்டிக்கொண்டு நிதானமாகவே உடையார்பாளையம் போய்ச் சேரலாம். முகூர்த்தம் உச்சிக்கு முன்னால். மடியில் பிள்ளையை வைத்துக் காது குத்தி முடிந்த பிறகு பந்தியிலும் உட்காரலாம். இந்த முறை சாப்பாட்டை அங்கமுத்துவே பரிமாறட்டும் என்றுகூட நினைத்துக்கொண்டார்.

அன்று ஓசூரிலிருந்து ஆத்தூர் வழியாக வந்தார். வேப்பந்தட்டையைத் தாண்டும்போது அவர் வீட்டில் விளக்கு எரிந்தது. பஞ்சவர்ணம் சீர்த்தட்டுக்குப் பழம் அடுக்கிக்கொண்டிருப்பாள். வழியில் நிற்கக் கூடாது என்பதால் ஹாரனை மட்டும் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

யார்டில் வழக்கத்தைவிட வண்டிகள் அதிகம். அரியமுத்து வண்டியை நிறுத்தினார், கட்டையைப் போட்டார், ஓடினார். பக்கத்து வண்டியில் ஜெயசீலன் இருக்கையைச் சாய்த்துக்கொண்டிருந்தான்.

“யோவ், சாவியக் குடுத்துட்டு வந்து தூங்கேன்யா. பின்னால வந்தவனெல்லாம் முந்திக்குவான்.”

“முந்தட்டும்ணே. நானென்ன ஒலிம்பிக்குக்கா போறேன்? கொசு புடுங்குது. விசிறி வேணும்.”

“எருமை மாட்டுக்குப் பொறந்தவனே.”

“எங்கப்பாவ எதுக்குண்ணே இழுக்கறீங்க, அவரு செவனேன்னு தூங்கறாரு” என்று ஜெயசீலன் போர்வையை இழுத்துக்கொண்டான்.

அரியமுத்துவின் சாவி கொக்கியில் ஏறியது. ஓட்டுநர் காத்திருக்கும் கொட்டகையில் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் சரக்கு நகர்த்துகிற பெல்ட் அறுந்துபோயிற்று.

திருச்சியிலிருந்து ஆள் வர வேண்டும் என்றார்கள். வந்தவரும் பொருள் ஒன்றை மறந்துவிட்டு வந்திருந்தார். கொட்டகையில் இரும்பு நாற்காலிகள்; படுக்க முடியாதபடி ஒவ்வொன்றுக்கும் நடுவில் கைப்பிடி. தகரக் கூரைமேல் வெயில் ஏற ஏற உள்ளே அனல். தலையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் கழுத்து வலித்தது. எழுந்து கேட்டருகே போனார். சீல் வெட்டாமல் வெளியே விட முடியாது என்று காவலாளி கைவிரித்தார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

பஞ்சவர்ணம் போன் செய்தாள். பின்னால் வேனின் இரைச்சலும், பழைய பாட்டும், சின்னப் பிள்ளைகளின் கத்தலும்.

“என்னங்க, நாங்க கெளம்பிட்டோம். உங்க வேட்டி சட்டைய எங்கிட்டயே வெச்சிருக்கேன். நேரா கோயிலுக்கு வந்துடுங்க. எறக்கிட்டாங்களா?”

“எறக்கறாங்க, எறக்கறாங்க.”

“ரெண்டு தரம் சொல்றீங்களே. இன்னும் எறக்கலியா?”

“நீ வைய்யி. நான் வந்துடுவேன்.”

பெல்ட் சரியாகி, அவர் வண்டி மேடை ஏறி, சீல் வெட்டி, கடைசிப் பெட்டி இறங்கும்போது மணி பத்தாகிவிட்டது. இப்போதும் நேரம் இருந்தது. பைக்கில் அழுத்திப் போனால் முகூர்த்தத்தைப் பிடித்துவிடலாம். முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு, கையெழுத்துப் போட கவுண்டருக்கு வந்தார். ஹேமலதா வேறொரு சாவியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“என்ன பாப்பா இது?”

“ஜெயங்கொண்டம், சிதம்பரம் லோடுண்ணா. ரெடியா இருக்கு.”

“எனக்கு ரெஸ்ட்டு. மறந்துட்டியா? காதுகுத்து.”

அவள் திரையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“ரெஸ்ட் முடிஞ்சிருச்சுண்ணா. பச்ச காட்டுது.”

“எங்க முடிஞ்சுது? இப்பதான எறக்கினேன்? கண்ணப் பாரு, மெளகாப்பொடி போட்ட மாதிரி இருக்கு.”

“சாவி மாட்டுன நேரத்துலேருந்து எடுத்துக்குதுண்ணா. சாவி இங்க வந்துட்டா டிரைவர் ரெஸ்ட்னு அர்த்தம். நீங்க விடியறதுக்கு முன்னாலயே, நாலு மணிக்கே மாட்டிட்டீங்க. ஆறு மணி நேரம் ஆயிருச்சு.” அவள் குரல் தாழ்ந்தது. “எனக்கும் இப்பத்தான்ணா தெரியுது. இவ்ளோ நேரம் எந்த வண்டியும் நின்னதில்லல்ல.”

“அந்தச் சேர்ல உக்காந்திருந்ததா ரெஸ்ட்டு?”

ஹேமலதா மேனேஜருக்குப் போன் போட்டாள். அவர் சென்னையில் இருந்தார். பச்சையைச் சிவப்பாக்கத் தன்னால் முடியாது, அது தானாக நடக்கிற விஷயம் என்றார்.

அந்த நேரத்தில் ஜெயசீலன் கொட்டாவி விட்டபடி வந்தான். நன்றாகத் தூங்கி எழுந்த முகம். சற்று முன்னால்தான் சாவியைக் கொடுத்திருந்தான். அவன் பெயர் சிவப்பாக இருந்தது. சரக்கு இறங்கியதும் வீட்டுக்குப் போய் இன்னொரு முறை தூங்கலாம்.

விஷயத்தைக் கேட்டதும் அவன் முகம் மாறியது. “குடு பாப்பா, அந்தச் சாவிய எங்கிட்ட குடு. நான் போறேன். எனக்கென்ன, நல்லாத் தூங்கிட்டேன். அண்ணன் போகட்டும்.”

“உங்களுக்கு ரெஸ்ட் இன்னும் முடியலண்ணா. சிவப்புல இருக்கீங்க. உங்க பேரப் போட்டா வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.”

“தூங்குனவன் நான்மா!”

“தெரியுதுண்ணா.”

“தூங்காதவர ஓட்டச் சொல்றீங்க, தூங்குனவனப் போய்த் தூங்கச் சொல்றீங்க. நல்லா நடத்தறீங்க கம்பெனி.”

அரியமுத்து வெளியே வந்து பஞ்சவர்ணத்துக்குப் போன் செய்தார். சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் வேனில் பாட்டை நிறுத்தச் சொன்னது மட்டும் கேட்டது.

“மாட்டேன்னு சொல்லிட்டு வந்துடட்டா?” என்று கேட்டார். வா என்று ஒரு வார்த்தை சொன்னால் வந்துவிடுவார். அவளுக்கும் அது தெரிந்திருந்தது.

“வந்துட்டு?” என்றாள். “பேரு கறுப்பாச்சுன்னா மறுபடி டிப்பர்லதான் ஏறணும். உங்க முதுகு தாங்குமா? ராத்திரி பொரண்டு படுக்கவே என்னையக் கூப்பிடறீங்க.”

“அப்ப செல்விக்கு என்ன பதிலு?”

“எனக்கென்ன தெரியும்? நான்தான் தட்டோட போயி நிக்கணும். உங்களுக்கு லாரி இருக்கு, ஏறி உக்காந்துக்குவீங்க.”

“சிதம்பரம் போற வழியிலதானடி கோயிலு. ரோட்டோரந்தான். நான் லாரியோடயே வந்துடறேன். கொஞ்சம் தள்ளிக் குத்தச் சொல்லு.”

“சொல்றேன்” என்று வைத்துவிட்டாள்.

சாவியை வாங்கிக்கொண்டார். வண்டியைச் சுற்றிப் பார்த்து, டயரைத் தட்டி, விளக்கைப் போட்டுக் காட்டி, பின்கதவு சீலைப் படமெடுத்து அனுப்ப வேண்டும். அதில் ஒன்றை விட்டாலும் கேட் திறக்காது. அவசரத்தில் படம் ஆடிப்போய், இரண்டாவது முறை எடுக்கச் சொன்னது. கேட்டைத் தாண்டியபோது தூக்கம் கண்ணுக்குள் மணலாக உறுத்தியது.

வண்டி அறுபதுக்கு மேல் போகாது, அப்படிக் கட்டிவைத்திருந்தார்கள். அரியலூருக்கு முன்னால் டிப்பர்கள் சாலையை அடைத்து நின்றன. அவற்றின் பின்னால் நின்றபோது, முன்வண்டி டிரைவரின் தலை ஸ்டியரிங் மேல் சாய்ந்திருப்பது அந்த வண்டியின் பக்கக் கண்ணாடியில் தெரிந்தது. அரியமுத்து ஹாரன் அடித்தார். அவன் திடுக்கிட்டு எழுந்து வண்டியை நகர்த்தினான். வெற்றிச்செல்வியிடமிருந்து போன் வந்து நின்றது. ஓட்டும்போது எடுக்கக் கூடாது. கேபினில் கேமரா இருந்தது. இன்னொரு முறை வந்தது. அப்புறம் வரவில்லை.

உடையார்பாளையம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், சாலையிலிருந்து உள்ளடங்கி அந்த அய்யனார் கோயில். எதிர்ப்புறம் ஒரு பெட்டிக்கடை. அதன் ஓரமாக அரியமுத்து லாரியை நிறுத்தினார். பத்து நிமிஷத்துக்கு மேல் நின்றால் கம்பெனியிலிருந்து போன் வரும். மரங்களுக்கு நடுவே பஞ்சவர்ணம் வந்த வேன் தெரிந்தது. மைக்கில் யாரோ பந்திக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் குரலைக் கேட்டதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் தங்கைக்குப் போன் செய்தார்.

“குத்தியாச்சுண்ணே” என்றாள் வெற்றிச்செல்வி. அழவில்லை. அழுது முடித்த குரல்.

“யாரு மடியில?”

“அவரு மடியிலதான். எங்க மாமனார். நேரம் போவுது, ஆசாரி அடுத்த ஊருக்குப் போகணும்னாரு. ‘எம் பேத்திக்கு எம் மடி இருக்கு, கொண்டா’ன்னு வாங்கிக்கிட்டாரு.”

அவர் வாயைத் திறப்பதற்குள் அவளே கேட்டாள். “எங்கண்ணே இருக்க?”

“இங்கதான் பாப்பா. எதுத்தாப்புல. பெட்டிக்கட ஓரமா லாரி நிக்குது பாரு. ஓடியாந்துடறேன். புள்ளய ஒரு தரம் மடியில வெச்சுட்டாவது—”

“வேணாம்.”

“ரெண்டு நிமிசம்மா.”

“வராதண்ணே. உங்காலுல விழறேன், வராத.” அவள் கூட்டத்திலிருந்து விலகி வந்திருக்க வேண்டும்; மைக் சத்தம் குறைந்தது. “உன் லாரி கிருஷ்ணகிரிகிட்ட பிரேக்டவுனாகி நிக்குதுன்னு சொல்லிட்டேன். அண்ணி வந்து, லாரியோட வர்றாரு, கொஞ்சம் பொறுங்கன்னாங்க. எவ்ளோ நேரம் பொறுப்பாங்க? எல்லாரும் என்னையே பாக்கறாங்க. எனக்கு வேற என்ன சொல்றதுன்னு தெரியல. இப்பத்தான் போன் வந்துச்சு, வண்டி நடுரோட்டுல நின்னுபோச்சாம்னு சொன்னேன். எங்க வூட்டுக்காரரு உம்பக்கமா நின்னு பேசினாரு. ‘மெசினு நின்னா மனுசன் என்ன பண்ணுவாரு’ன்னு. மொத மொறையா உம்பக்கமா பேசினாருண்ணே. இப்ப நீ பந்தி நேரத்துக்கு உள்ள வந்தா...”

மைக்கில் மறுபடி பந்திக்குக் கூப்பிட்டார்கள்.

“சரிம்மா” என்றார் அரியமுத்து.

“சாப்பிட்டியா?”

“ம்.”

போனை வைத்துவிட்டு இன்ஜினை முடுக்கப் போனபோது கோயில் பாதையிலிருந்து ஒருவர் சாலைக்கு வந்தார். புது வேட்டி. தோளில் மாமன் மரியாதைக்கென்று எடுத்த ஜரிகைத் துண்டு. அங்கமுத்து. இடுப்பில் மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்துகொண்டிருந்த முத்தமிழ். அழுத கண், சிவந்த காதுமடல்களில் மாமன் வீட்டுச் சீராகப் போன கம்மல். மிட்டாய் கேட்டு அடம்பிடித்திருப்பாள். அங்கமுத்து இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, நேராகப் பெட்டிக்கடையை நோக்கி வந்தார்.

அரியமுத்து அவசரமாக ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். இருக்கையிலிருந்து வழுக்கி இறங்கி, ஸ்டியரிங்குக்குக் கீழே தலையைக் குனிந்துகொண்டார். முதுகில் பழைய வலி சுரீர் என்றது. மூடிய கண்ணாடிக்கு வெளியே பேச்சு மங்கலாகக் கேட்டது.

“தாத்தா, பெரிய லாரி.”

“ஆமாண்டா தங்கம். உங்க மாமன் ஓட்டறதும் இந்த மாதிரிதான்.”

“மாமா எங்க?”

“அது எங்கயோ நடுவழியில நிக்குதாம். நீ எந்த முட்டாயி வேணுங்கற, சொல்லு.”

குழந்தை வெகுநேரம் யோசித்தது. ஒன்றைக் காட்டியது, அது வேண்டாம் என்றது, வேறொன்றைக் காட்டியது. உள்ளே கம்பெனியின் போன் அடிக்க ஆரம்பித்தது. சத்தம் வெளியே கேட்டுவிடப் போகிறதே என்று, குனிந்தபடியே அதை எடுத்துத் தொடைக்கும் இருக்கைக்கும் நடுவில் வைத்து அழுத்திக்கொண்டார்.